புல்லுக்குக் கத்தரி கண்ட தச்சர்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



மலருக்குக் கட்டுரை கொடு, கொடு என்று மன்றச் செயலாளர் என்னைக் கேன்டீன் வரைக்கும் துரத்திவிட்டார். எடிசனைப் பற்றி எழுதலாம் என்றால் அவர் மூன்று மலர்களில் வந்தாயிற்று. ஜேம்ஸ் வாட், விஸ்வேஸ்வரய்யா, நம்ம ஜி.டி.நாயுடு யாரையும் நம் சீனியர்கள் மிச்சம் வைக்கவில்லை. எனவே நான் எட்வின் பியர்ட் பட்டிங் என்பவரைக் கூட்டி வந்திருக்கிறேன். புல்தரை வளர்க்கும் நாடுகளில் பிரசித்தமான பெயர். நமக்குத்தான் புதுசு.

அவர் எனக்கு எப்படி அறிமுகமானார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் விளையாட்டு விழாவுக்கு முந்தின சனிக்கிழமை, என்.எஸ்.எஸ். பையன்கள் நாலு பேரை ஆபீஸுக்கு முன்னால் இருக்கும் புல்தரையைச் சீர் பண்ணச் சொன்னார்கள். பம்ப் ஷெட்டில் பழைய கை மெஷின் ஒன்று கிடந்தது. மோட்டார் கிடையாது. கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினால் உருளும், உருளும்போது திருகு திருகாக வளைந்த கத்திகள் சுற்றும். நாங்களும் வேர்க்க விறுவிறுக்கத் தள்ளினோம். புல் வெட்டுப்படவே இல்லை. ஒரு இடத்தில் மடங்கிப் படுத்தது, இன்னொரு இடத்தில் மாடு கடித்து இழுத்த மாதிரி பிய்ந்தது. இரண்டே நாளில் நுனியெல்லாம் வெளுத்து, விழாவுக்கு வந்த விருந்தினர் கண்ணில் படும்படி நட்ட நடுவில் ஒரு காவிப் பட்டை. வாங்கிக் கட்டிக்கொண்டோம். அந்த விவரம் மலருக்கு வேண்டாம்.

அப்புறம் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் வந்து மெஷினைக் கவிழ்த்துப் போட்டார். சுற்றும் கத்திக்கும், கீழே அசையாமல் இருக்கும் அடிக்கத்திக்கும் நடுவில் ஒரு துண்டு நியூஸ் பேப்பரை நீட்டி, உருளையைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொன்னார். காகிதம் மடங்கியது. இரண்டு பக்கத்துத் திருகுகளையும் கால் சுற்று, கால் சுற்றாக மாற்றி மாற்றி இறுக்கினார். மறுபடி சுற்றியபோது காகிதம் நறுக்கென்று இரண்டாக விழுந்தது. இந்த முனையில், நடுவில், அந்த முனையில் என்று மூன்று இடத்திலும் பார்த்த பிறகுதான் விட்டார். இந்தத் தத்துவம் துணி மில்லிலிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். புல்லுக்கும் துணி மில்லுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று லைப்ரரியில் தேடப் போய்த்தான் பட்டிங்கைப் பிடித்தேன்.

இங்கிலாந்தின் மேற்குப் பக்கம் க்ளாஸ்டர்ஷயர் என்று ஒரு மாவட்டம். அங்கே ஸ்ட்ரவுட் நகருக்குப் பக்கத்தில் ஈஸ்டிங்டன் என்னும் சிற்றூரில் 1796-ல் பிறந்தவர் பட்டிங். அப்பா விவசாயி. ஆனால் அப்பாவும் அம்மாவும் சட்டப்படி கணவன் மனைவி அல்ல. அந்தக் காலத்து இங்கிலாந்தில் அப்படிப் பிறந்த பிள்ளைக்கு ஊரில் என்ன மரியாதை இருந்திருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். பையன் தச்சு வேலைக்குப் போனார். நம்மில் பலருக்கு ஃபிட்டிங் ஷாப்பில் ஒரு கட்டையைச் சதுரமாக இழைப்பதற்குள் செமஸ்டர் முடிந்துவிடுகிறது. பட்டிங்கோ மரத்தில் கற்ற கையை இரும்புக்குத் திருப்பினார். பக்கத்து ஆலைகளுக்கு மெஷின் செய்வது, பழுது பார்ப்பது, ஃபவுண்டரி வேலை என்று போய், ஊரறிந்த மெக்கானிக் ஆகிவிட்டார். பல குழல்கள் வைத்த கைத்துப்பாக்கி ஒன்றையும் செய்தார். கோல்ட் என்ற அமெரிக்கர் 1836-ல் ரிவால்வருக்குக் காப்புரிமை வாங்குவதற்கு முன்பே செய்தது அது என்கிறார்கள். துப்பாக்கி நம் விஷயம் அல்ல. விட்டுவிடுவோம்.

ஸ்ட்ரவுட் பள்ளத்தாக்கு அன்றைக்குக் கம்பளித் துணிக்குப் பேர் போனது. ஓடை நெடுக வரிசையாக ஆலைகள், எல்லாம் தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடுபவை. ராணுவ வீரர்களின் சிவப்புச் சட்டைக்கான துணி அங்கிருந்துதான் போனது. டெக்ஸ்டைல் பிரிவு நண்பர்களுக்கு இது தெரிந்திருக்கும். கம்பளித் துணியை நெய்து, தண்ணீரில் துவைத்து இறுக்கி, அதன் மேல் முள் உருளைகளை ஓட்டி மயிரைக் கிளப்புவார்கள். கிளம்பிய மயிரை ஒரே மட்டமாக வெட்டினால்தான் துணி வழவழவென்று வரும். முன்பெல்லாம் இதைச் செய்ய ஆள் உயரத்துக்குப் பாதி இருக்கும் பெரிய கத்தரிகளை வைத்துக்கொண்டு தனித் தொழிலாளர்கள் இருந்தார்கள். கை வலிக்க வலிக்கச் செய்யும் வேலை, கூலியும் நல்ல கூலி. 1815-ஐ ஒட்டிய வருஷங்களில் அந்த வேலைக்கு மெஷின் வந்தது. ப்ரிம்ஸ்கம் என்ற இடத்தில் ஆலை வைத்திருந்த லூயிஸ் குடும்பத்தார் அதில் முன்னோடிகள். உருளையின் மேல் திருகு வடிவில் கத்திகளைச் சுற்றி வைத்து, கீழே ஒரு நிலைக்கத்தியைப் பொருத்தி, நடுவில் துணியை ஓட்டினார்கள். மயிர் மட்டமாக வெட்டுப்பட்டது.

இந்த மெஷின்களோடு பழகியவர் பட்டிங். துணியை மெஷினுக்குள் விட்டால் மயிர் வெட்டுப்படுகிறது, அப்படியானால் மெஷினையே தரைமேல் ஓட்டினால் புல் வெட்டுப்படாதா என்று யோசித்தார். அவர் செய்ததெல்லாம் இவ்வளவுதான் என்று சொன்னால் சாதாரணமாகத் தெரியும். ஆனால் துணி தட்டையான மேஜைமேல் வருகிறது, தரையோ மேடு பள்ளம். துணி மெஷினைத் தண்ணீர்ச் சக்கரம் சுற்றுகிறது, தோட்டத்தில் அது ஏது? இந்த இரண்டு முடிச்சையும் அவிழ்த்ததில்தான் அவருடைய மூளை தெரிகிறது.

அதற்கு முன் அந்த நாட்டில் புல்தரையை எப்படிப் பராமரித்தார்கள் என்று பார்த்தால்தான் இதன் அருமை புரியும். பெரிய மாளிகைகளில் ஆட்டு மந்தையை மேய விடுவார்கள். வீட்டுக்கு முன்னால் உள்ள தரைக்கு ஸைத் என்ற அரிவாள். நம்ம கதிர் அரிவாள் மாதிரி குனிந்து பிடிப்பதல்ல. ஆளுயரக் கைப்பிடியின் நுனியில் இரண்டு மூன்று அடி நீளத்துக்கு வளைந்த கத்தி. நின்றபடியே இடுப்பைத் திருப்பி வீசினால் ஒரு பிறைவட்டம் அளவுக்குப் புல் சாயும். காய்ந்த புல் கத்திக்கு முன்னால் வளைந்து கொடுத்துத் தப்பிவிடும், பனி ஏறிய ஈரப் புல்தான் நன்றாக வெட்டுப்படும். ஆகவே விடிவதற்கு முன்பே ஆட்கள் வரிசையாக இறங்கிவிடுவார்கள். நாலு வீச்சுக்கு ஒரு தரம் சாணைக்கல்லை எடுத்து இழுக்க வேண்டும். பின்னாலேயே விளக்குமாறும் கூடையுமாய், பெரும்பாலும் பெண்கள், வெட்டின புல்லைக் கூட்டி அள்ளிக்கொண்டு வருவார்கள். தேர்ந்த ஆள் வெட்டினால் தரை அழகாக இருக்கும். தேறாத ஆள் வெட்டினால் பிறை பிறையாகத் தழும்பு தெரியும்.

இலையுதிர் காலம் வந்தால் இந்த வேலை இன்னும் சிரமம். செப்டம்பர் தொடங்கிப் பகல் சுருங்கும். பனி பத்து மணி வரைக்கும் காயாது. மரங்கள் இலையைக் கொட்டும். இலை ஒட்டிக்கொண்ட ஈரத் தரையில் கத்தி வழுக்கும். ஆனாலும் அந்தப் பருவத்தில் தரையை விட்டுவிட முடியாது. ஏனென்று கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

பட்டிங்கிடம் யோசனை இருந்தது, பணம் இல்லை. ஸ்ட்ரவுட்டுக்குப் பக்கத்தில் த்ரப் என்ற இடத்தில் ஃபீனிக்ஸ் இரும்பாலையை நடத்தி வந்த ஜான் ஃபெராபி கைகொடுத்தார். 1830 மே மாதம் இருவரும் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். மெஷினை உருவாக்கும் செலவும் காப்புரிமைச் செலவும் ஃபெராபியுடையது. பதிலுக்கு அதைத் தயாரித்து விற்கவும், மற்றவர்களுக்கு உரிமம் கொடுக்கவும் அவருக்கு உரிமை. யோசனை ஒருவருடையது, பட்டறை இன்னொருவருடையது. இன்றைக்கும் பல இடங்களில் நடப்பது இதுதானே!

மெஷின் எப்படி என்று நம்ம பாஷையில் சொல்கிறேன். தேனிரும்புச் சட்டம். அகலம் 19 அங்குலம், அதாவது சுமார் 48 சென்டிமீட்டர். பின்னால் கனமான ரோலர். தள்ளும்போது ரோலர் தரையில் உருள, அதன் அச்சிலிருந்து வார்ப்பிரும்புப் பல்சக்கரங்கள் வழியாக முன்னால் உள்ள கத்தி உருளைக்கு வேகம் போகிறது. கணக்கு 16-க்கு 1. ரோலர் ஒரு சுற்றுக்கு, கத்தி 16 சுற்று. தண்ணீர்ச் சக்கரப் பிரச்சினை இப்படித் தீர்ந்தது, தள்ளுகிற ஆளே சக்கரம்! நடுவில் இன்னொரு சின்ன ரோலர், அதை ஏற்றி இறக்கினால் வெட்டும் உயரம் மாறும். மேடு பள்ளத்துக்கும் அதுவே ஓரளவு மருந்து. வெட்டின புல் முன்னால் உள்ள தட்டில் போய் விழும், ஆகவே கூட்டி அள்ளவும் ஆள் வேண்டாம். கனம் தாங்காமல் ஒருவரால் தள்ள முடியவில்லை என்று தெரிந்ததும், முன்னால் இழுப்பதற்கு இன்னொரு கைப்பிடியும் சேர்த்தார்கள்.

சோதனையை ராத்திரியில் செய்தார் என்று ஒரு கதை உண்டு. பகலில் இரும்பு வண்டியைப் புல்மேல் தள்ளிக்கொண்டு திரிந்தால் ஊரார் பைத்தியம் என்பார்கள், இல்லாவிட்டால் யோசனையைத் திருடிவிடுவார்கள் என்ற பயம் காரணமாம். எனக்கு இன்னொரு காரணமும் தோன்றுகிறது. அதற்குத் தேதிகளைப் பார்க்க வேண்டும்.

காப்புரிமை கிடைத்தது 1830 ஆகஸ்ட் 31. அதற்கு மூன்று நாள் முன்னால், 28-ஆம் தேதி இரவு, இங்கிலாந்தின் தென்கிழக்கே கென்ட் மாவட்டத்தில் விவசாயக் கூலிகள் கூடி ஒரு கதிரடிக்கும் மெஷினை உடைத்து நொறுக்கினார்கள். அறுவடை முடிந்தபின் குளிர்காலம் முழுக்கக் களத்தில் கதிரடிப்பதுதான் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய வேலை. மெஷின் வந்து அதைப் பிடுங்கிக்கொண்டது. அந்த இலையுதிர் காலம் முழுவதும் கலகம் மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. வைக்கோல் போர்கள் எரிந்தன, மெஷின்கள் உடைந்தன. கேப்டன் ஸ்விங் என்ற கற்பனைப் பெயரில் மிரட்டல் கடிதங்கள் போனதால் வரலாற்றில் இதை ஸ்விங் கலகம் என்பார்கள். நவம்பர் கடைசியில் அது பட்டிங்கின் சொந்த மாவட்டமான க்ளாஸ்டர்ஷயரையும் தொட்டது. அரசாங்கம் அடக்கியபோது 19 பேர் தூக்கில் தொங்கினார்கள். ஏறத்தாழ 500 பேரை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். மெஷின் என்ற சொல்லைக் கேட்டாலே கூலியாட்களுக்கு ரத்தம் கொதித்த பருவத்தில், அரிவாள்காரரின் வேலையைச் செய்யும் மெஷின் ஒன்று காப்புரிமையோடு பிறக்கிறது. சோதனைக்கு இருட்டைத் தேடியதில் ஆச்சரியம் என்ன?

இந்த இடத்தில் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அம்மா நடவுக்கும் கதிர் அறுப்புக்கும் போய்த்தான் என்னை டிப்ளமோ வரைக்கும் கொண்டுவந்தார். இப்போது எங்கள் ஊருக்குத் தை மாதம் வாடகைக்குக் கதிர் அறுக்கும் வண்டி வருகிறது. பத்துப் பெண்கள் நாள் முழுக்க அறுப்பதை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போகிறது. முதல் தரம் அதைப் பார்த்தபோது நான் கீழே குனிந்து அதன் கட்டர் பாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அம்மா வரப்பில் அரிவாளோடு நின்றிருந்தார். எனவே பட்டிங்கைப் பற்றி வெறும் பாராட்டாக எழுத எனக்குக் கை வரவில்லை. திட்டவும் மனசு வரவில்லை.

சரி, கதைக்கு வருவோம். முதல் மெஷின்களில் ஒன்று லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க்கில் உள்ள விலங்கியல் தோட்டத்துக்குப் போனது, இன்னொன்று ஆக்ஸ்ஃபோர்டுக் கல்லூரிக்கு. விலங்கியல் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரர் 1831-ல் கொடுத்த சாட்சியம் பிரபலம். ஒருவர் இழுக்க, ஒருவர் தள்ள, இரண்டே ஆட்கள், அரிவாளும் விளக்குமாறுமாய் ஆறு முதல் எட்டுப் பேர் செய்யும் வேலையைத் தழும்பே இல்லாமல் செய்து முடித்தார்களாம். 1832-ல் இப்ஸ்விச் நகரத்து ரான்ஸம்ஸ் கம்பெனி உரிமம் வாங்கித் தயாரிக்க ஆரம்பித்தது. பத்து வருஷத்துக்குள் ஆயிரம் மெஷின்களுக்கு மேல் விற்றன. காப்புரிமை மனுவிலேயே ஒரு சுவாரசியமான வரி உண்டு. கிராமத்துக் கனவான்கள் தாங்களே இதைத் தள்ளிப் பார்த்தால் பொழுதுபோக்கும் ஆகும், உடம்புக்கும் நல்லது என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். கூலிக்காரன் செய்தால் வேலை, கனவான் செய்தால் எக்சர்சைஸ்! விற்பனை தெரிந்த தச்சர்தான்.

இப்போது, விட்ட இடத்துக்கு வருகிறேன். இலையுதிர் காலத்தில் ஏன் தரையை விடக் கூடாது? நம்ம ஊரில் ஐப்பசி மழை விழுந்தால்தான் புல் தலைதூக்கும். அங்கே நேர் எதிர். கோடையில் காய்ந்து மிதிபட்ட புல்லுக்கு, செப்டம்பர் அக்டோபரில் ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. மண்ணில் கோடைச் சூடு இன்னும் இருக்கும், மழையும் வந்துவிடும். மேலே வளர்ச்சி குறையும், கீழே வேர் ஓடும். மண் சூடு ஏறக்குறைய 6 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் புல் தூங்கிவிடும். அதற்குள் தேவையானதைச் செய்து முடிக்க வேண்டும். தொழிலாகப் புல்தரை பார்ப்பவர்கள் வருஷத்தில் அதிகம் உழைப்பது அந்த ஆறேழு வாரம்தான்.

முதலில் மெஷினின் வெட்டும் உயரத்தை ஏற்றுவார்கள். பட்டிங்கின் அந்தச் சின்ன ரோலருக்கு இங்கேதான் வேலை. வீட்டுப் புல்தரையைக் கோடையில் ஓர் அங்குலம் வைத்திருந்தால், இப்போது ஒன்றரை வரைக்கும் விடுவார்கள். வெயில் குறைந்த பருவத்தில் இலைப்பரப்பு இருந்தால்தான் வேருக்குச் சோறு. ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுவதும் கிடையாது. அடுத்து, புல்லின் அடியில் செத்த தண்டும் வேரும் சேர்ந்து தேங்காய் நார் மெத்தை போல் படிந்திருக்கும். அதைக் கம்பிப் பற்களால் வாரி எடுப்பார்கள். வாரின அன்று தரையைப் பார்த்தால் நாசமாக்கிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். பாசி இருந்தால் முன்கூட்டியே இரும்பு சல்பேட் தெளித்து அதைக் கறுக்க வைத்துவிட்டுத்தான் வாருவது. பச்சையாக வாரினால் பாசி பரவிவிடும்.

அதன் பிறகு குத்துவது. கோடை முழுக்க மிதிபட்டு இறுகிய மண்ணில் நாலு அங்குல ஆழத்துக்கு நெருக்க நெருக்கமாகத் துளை போடுகிறார்கள். மண்ணையே பென்சில் கனத்தில் உருவி எடுத்துவிடும் குழல் ஊசிகளும் உண்டு. நம்ம சிவில் நண்பர்கள் மண்ணை இறுக்கத்தான் படிக்கிறார்கள், இந்தத் தொழிலில் அதை இளக்குகிறார்கள்! துளைக்குள் காற்றும் தண்ணீரும் இறங்கும். மேலே மணலும் மண்ணும் கலந்து தூவி, தென்னந்துடைப்பம் மாதிரி முரட்டுத் துடைப்பத்தால் துளைக்குள் தள்ளுவார்கள். சொட்டையான இடத்துக்கு விதை. அதையும் செப்டம்பருக்குள் போட்டால் உத்தமம், தள்ளிப்போட்டால் முளை குளிரில் சிக்கும். உரத்தில் ஒரு சூட்சுமம். தழைச்சத்தைக் குறைத்துச் சாம்பல்சத்தைக் கூட்டிக் கொடுப்பார்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் புல் மளமளவென்று பச்சையாக வரும். ஆனால் அந்த இளசுப் புல்லைத்தான் பூஞ்சை நோய் முதலில் பிடிக்கும், வட்ட வட்டமாக அழுகும்.

அப்புறம் இலை. உதிர்ந்த இலையை அள்ளாமல் விட்டால் அடியில் புல்லுக்கு வெளிச்சம் போகாது, ஈரம் தங்கி அழுகும். மண்புழுக்கள் தரைமேல் தள்ளும் மண் உருண்டைகளைக் காய விட்டுத் துடைப்பத்தால் சிதறடித்த பிறகே மெஷினை ஓட்டுவார்கள். இல்லாவிட்டால் ரோலர் அதைச் சப்பட்டையாக்கிச் சேறு பூசிவிடும், கத்தியும் மழுங்கும். கோல்ஃப் மைதானங்களில் விடியற்காலையில் நீண்ட வளைகழியைப் புல்மேல் அலைபோல ஓட்டிப் பனியைத் தட்டிவிடுவார்கள். பாருங்க, அரிவாளுக்குப் பனி தேவைப்பட்டது. அந்த ஆள் பனிக்காக விடியற்காலை எழுந்தான். மெஷினுக்குக் காய்ந்த புல் வேண்டும். ஆகவே மெஷின்காரன் பனியை விரட்டுவதற்காக அதே விடியற்காலையில் எழுந்திருக்கிறான்.

கிரிக்கெட் பிரியர்களுக்கு ஒரு செய்தி. லார்ட்ஸ் மைதானத்தில் ஒரு காலத்தில் ஆடுகளை மேயவிட்டுத்தான் புல்லைக் குட்டையாக்கினார்கள். 1864-ல்தான் அங்கே முதல் மைதானப் பராமரிப்பாளர் நியமிக்கப்பட்டார். இன்றைக்கும் இங்கிலாந்தில் சீசன் முடிந்த செப்டம்பரிலேயே பிட்ச் இருக்கும் சதுரத்தை வாரி, விதைத்து, மேலே களிமண் பூசுகிறார்கள். சாதாரண மண் அல்ல, முப்பது சதவீதம் வரை களி கலந்தது. அடுத்த மே மாதம் பந்து எகிறுமா, படுக்குமா என்பது அந்த அக்டோபரில் முடிவாகிவிடும். 1877-ல் விம்பிள்டன் டென்னிஸ் ஆரம்பித்ததும் மட்டமான புல்தரை கைவசம் இருந்ததால்தான். பட்டிங் இல்லாவிட்டால் இந்த ஆட்டங்கள் பிறந்தே இருக்காது என்று சிலர் எழுதுகிறார்கள். அது கொஞ்சம் அதிகம். கிரிக்கெட் அவருக்கு முன்பே இருந்தது. ஆனால் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு மைதானம் வந்ததற்கு அந்த மெஷின் ஒரு பெரிய காரணம். மைதானம் வந்ததும் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அதுவே ஒரு தொழிலாகியது, சங்கம், பயிற்சி எல்லாம் வந்தன. இழந்த வேலைக்குப் புது வேலை பிறந்தது என்று புத்தகக்காரர்கள் எழுதுவது இதைத்தான். உண்மைதான். ஆனால் 1831-ல் வேலை போனவனுக்கு 1864-ல் நியமன உத்தரவு வந்தால் என்ன பிரயோசனம் என்றும் நான் யோசிக்கிறேன்.

பட்டிங் என்ன ஆனார்? புல் மெஷினோடு நின்றுவிடவில்லை. டர்ஸ்லி என்ற பக்கத்து ஊருக்குக் குடிபோனார். அங்கே ஜார்ஜ் லிஸ்டர் என்பவரோடு சேர்ந்து, பஞ்சு சிக்கெடுப்பது போலக் கம்பளியைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷின்களைத் திருத்தினார். நம்ம டூல் பாக்ஸில் இருக்கிறதே, திருகித் திருகி வாயை அகட்டும் ஸ்பேனர், அதன் ஆரம்ப வடிவம் ஒன்றும் அவருடையது என்கிறார்கள். அதே வட்டாரத்தில் ரிச்சர்ட் க்ளைபர்ன் என்பவருக்கும் 1842-ஐ வைத்து அந்தப் பெருமையைக் கொடுக்கிறார்கள். இரண்டு பேருமே பத்து மைல் வட்டத்துக்குள் வேலை பார்த்தவர்கள். அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

1846-ல் டர்ஸ்லியிலேயே பக்கவாதம் வந்து இறந்துபோனார். வயது ஐம்பது. அந்தக் காலத்துக் காப்புரிமைக்கு ஆயுள் 14 வருஷம். அதாவது, அவர் கண்மூடுவதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1844-ல், யார் வேண்டுமானாலும் அந்த மெஷினைச் செய்யலாம் என்றாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் வியாபாரம் கொழித்தது. செயினில் ஓடுவது, 1893-ல் நீராவியில் ஓடுவது, 1902-ல் ரான்ஸம்ஸின் பெட்ரோல் மோட்டார் வைத்தது என்று வரிசையாக வந்தன. எதையும் பட்டிங் பார்க்கவில்லை. ஆனால் திருகுக் கத்தி உருளை, அடிக்கத்தி, இரண்டுக்கும் நடுவில் ஒரு காகித இடைவெளி, இந்த மூன்றையும் அவருக்குப் பின் வந்தவர்கள் மாற்றவில்லை. கோல்ஃப் தரையில் இன்று லட்சக்கணக்கில் விலை சொல்லும் மெஷின்களிலும் உள்ளே அதுதான் சுற்றுகிறது. குளிர்காலத்தில் புல் தூங்கும்போது அவற்றை ஷெட்டுக்குள் கொண்டுபோய், கத்தியில் சாணைப் பசையைத் தடவி, உருளையை எதிர்ப்பக்கமாகச் சுற்றவிட்டுக் கூர் ஏற்றுவார்கள்.

தெர்மல் லேபில் மூலையில் நின்று டப் டப் என்று அடிக்குமே ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜின், லிஸ்டர் டைப் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதுவோமே, அந்த லிஸ்டர் யார் என்று நினைத்தீர்கள்? டர்ஸ்லியில் பட்டிங்கைச் சேர்த்துக்கொண்ட ஜார்ஜ் லிஸ்டரின் மகன் ராபர்ட் ஆஷ்டன் லிஸ்டர் 1867-ல் அதே ஊரில் தொடங்கியது அந்தக் கம்பெனி. 1930 வாக்கில் அவர்கள் கொண்டுவந்த என்ஜினைப் பார்த்துத்தான் குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளின. பட்டிங் கடைசியாக வேலை பார்த்த ஊர்ப்பெயர் தெரியாமலே இரண்டு வருஷமாக நாம் பிரேக் ட்ரம்மில் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறோம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். ரோலர், பல்சக்கரம், 16-க்கு 1 எல்லாம் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டார். எட்டுப் பேர் வேலையை இரண்டு பேர் செய்தார்கள் என்ற இடம் வந்ததும் ஊதுவதை நிறுத்திவிட்டு, மிச்சம் ஆறு பேர் எங்கே போனாங்க என்று கேட்டார். புத்தகத்தில் அது இல்லை என்றேன். அம்மா மறுபடி ஊத ஆரம்பித்தார்.

நம்ம மெஷின் பம்ப் ஷெட்டில்தான் இருக்கிறது. போன மாதம் அடிக்கத்தியைக் கழற்றி நானும் இரண்டு நண்பர்களும் சாணை பிடித்து மாட்டியிருக்கிறோம். தோட்டக்கார அண்ணன் இப்போது தானே ஒரு துண்டு நியூஸ் பேப்பரைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். ஆனால் இடது பக்கத்துத் திருகில் மரை போய்விட்டது, இரண்டு நாளைக்கு ஒரு முறை இளகிவிடுகிறது. லேத்தில் ஒன்று கடைந்து தர முதலாம் ஆண்டில் யாராவது இருந்தால் சனிக்கிழமை மதியம் வரவும்.